தம்பியின் குக்குரியும் அந்த மூன்று வெட்டும்

தம்பியின் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும், தம்பியோடு பழகிய நல்ல மனிதர்களுக்கும் அவருடைய மூத்த சகோதரி வணக்கத்தோடு எழுதுவது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் எழுதுவேன், தேவாரப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் என்னிடம் படிப்பு இல்லை. மாமாவைப் பற்றி நானே எழுதித் தருகிறேன் என்று என் மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். பிழைகளைத் திருத்துவது மட்டும் அவள் வேலை. இதில் இருக்கும் ஒரு விஷயம் என் கையால்தான் எழுதப்பட வேண்டும்.

அது இதுதான். நவராத்திரி முடிந்து வரும் மானம்பூத் திருவிழாவில் அம்மன் வெளியே எழுந்தருளுவதும், அசுரன் என்று நட்டு வைத்த வாழையை வெட்டுவதும் நீங்கள் அறிந்தவை. ஒரே வெட்டில் வாழை விழ வேண்டும். கனடாவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் கோயிலில் பதினாறு வருடம் அந்த வெட்டைத் தம்பிதான் வெட்டினார். கடைசி வருடம் ஒரு வெட்டில் விழவில்லை. மூன்று வெட்டு வேண்டியிருந்தது. தம்பிக்குக் கை போய்விட்டது என்று அன்றைக்கே எல்லோரும் பேசினார்கள். அவர் கண் மூடும்வரை அதே பேச்சுத்தான். செத்தவீட்டுக்கு வந்த இடத்திலும் இரண்டு பேர் என் காது கேட்க அதையே சொன்னார்கள். அந்த வெட்டு ஏன் பிழைத்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்த மலரை அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை.

தம்பி எங்கள் ஊரான வேலணையில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதில் அம்மா காலமானார். எனக்கு அப்போது பதினைந்து. சோறு தீத்தியதும் தலைக்கு எண்ணெய் வைத்ததும் நான்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அடி வாங்கினாலும் உண்மையைச் சொல்லி விட்டுத்தான் வாங்குவார். நான் கலியாணம் முடித்துக் கணவரோடும் மகளோடும் இந்த நாட்டுக்கு வந்த பிறகு, அவரும் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் ஒருவரை நம்பிப் புறப்பட்டார். முகவர் அவரைக் காத்மண்டுவில் கொண்டுபோய் ஓர் அறையில் விட்டுவிட்டு, பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கெங்கோ போய்விட்டார்கள். தம்பி மட்டும் தனித்துப் போனார்.

அந்த அறைக்குக் கீழே ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. குக்குரி என்று நேபாளத்தார் இடுப்பில் செருகும் வளைந்த கத்தியை அங்கே அடித்தார்கள். பசியில் ஒரு நாள் கீழே இறங்கித் துருத்தி ஊதப் போனவர், இரண்டரை வருடம் அங்கேயே இருந்தார். அந்த ஊரில் கத்தி செய்பவருடைய கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடுகள் உண்டாம். தம்பி அந்தக் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்து அதைச் சொன்னபோது நான் முகம் சுளித்தேன். “உது உனக்குத் தேவையோ? உதை ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதை” என்றேன். “அந்தச் சோறு இல்லாட்டி உனக்குத் தம்பி இல்லையெணை அக்கா” என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கனடாவில் அவர் ரெக்ஸ்டேலில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடம் வேலை செய்தார். கதவுப் பிடிகளையும் தண்ணீர்க் குழாய்களையும் சுழலும் சில்லில் பிடித்துக் கண்ணாடிபோல மினுக்குவது அவருடைய வேலை. வீடு இருந்த மல்வேர்னில் இருந்து மூன்று பஸ் மாறிப் போவார். ஒரு நாளும் பிந்திப் போனதாக எவரும் சொன்னதில்லை. அவருக்குக் கலியாணம் பேசினோம். சரிவரவில்லை. என் கணவர் காலமான பிறகு என் வீட்டுக்கு அவரே ஆண்துணை. என் மகளின் கலியாணத்தில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார்.

குடியுரிமை கிடைத்ததும் ஊருக்குப் போவார் என்று நினைத்தேன். நேபாளத்துக்குப் போனார். அந்தப் பட்டறைக்காரர் உயிரோடு இருந்தார். தம்பியைக் கண்டதும் அடுப்பை மூட்டி, ஐந்து நாள் எடுத்து ஒரு குக்குரி செய்து கையில் கொடுத்து அனுப்பினாராம்.

அந்தக் கத்தியை நான் பதினேழு வருடம் பார்த்தேன். வருடத்துக்கு ஒருமுறை, நவராத்திரி வரும்போது, மேசையில் பழைய வேட்டித் துண்டை விரித்துத் தம்பி அதைக் கழற்றித் துடைப்பார். பக்கத்தில் எண்ணெய்ப் போத்தலோடு நான். துடைக்கும்போது ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் தனக்குள்ளே சொல்லிக்கொண்டு போவார், அர்ச்சனை செய்வதுபோல. கேட்டுக் கேட்டு எனக்கும் மனதில் ஏறிவிட்டது. முனை துப்பா. முதுகு பீட். வெட்டும் வாய் தார். பிடியின் நடுவில் கைக்கு இறுக்கமாக இருக்கும் வளையம் ஹர்ஹரி. பிடிக்குக் கிட்ட வாயில் ஒரு சிறு வெட்டு இருக்கும், அது சோ. அது பசுவின் குளம்பு என்பார் ஒருவர், சூலம் என்பார் இன்னொருவர். பட்டறைக்காரரைக் கேட்டால், வெட்டின மரத்துப் பால் பிடிக்கு வழியாமல் நிற்கத்தான் என்று சிரிப்பாராம். மரத்தில் செய்து எருமைத் தோல் போர்த்த உறையின் முதுகில் இரண்டு சின்னக் கத்திகள் இருக்கும். கர்தா என்பது சின்ன வேலைக்கு. சக்மக் என்பதற்குக் கூர் கிடையாது. பெரிய கத்தியின் வாயை அதில் தேய்த்துத்தான் தீட்ட வேண்டும்.

அலகில், சோவுக்கு மேலே, ஒரு சூரியனும் ஒரு பிறையும் கொத்தியிருந்தன. பக்கத்தில் ஒரு பூக்கொடி. பட்டறைக்காரர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சின்ன உளியால் தட்டித் தட்டிச் செய்தது. எண்ணெயும் வருடமும் ஊறி அது கறுத்துப் போயிருந்தது.

இன்னொன்றும் சொல்லுவார். கத்தி பழுக்கக் காய்ந்ததும் அவர்கள் அதைத் தண்ணீரில் தோய்க்க மாட்டார்கள். தேத்தண்ணீர்க் கேத்திலை எடுத்துக் கத்தியின் வாய் ஓரம் மட்டும் மெல்லத் தண்ணீர் வார்ப்பார்கள். தண்ணீர் பட்ட இடம் கல்லாக இறுகும். முதுகு மென்மையாகவே இருக்கும், அதனால் எவ்வளவு ஓங்கினாலும் முறியாது. “உந்த வாயை மெசினிலை பிடிச்சால் சூடேறி எல்லாம் போயிடுமெணை. நான் நாள் முழுக்க மெசினோடை நிக்கிறவன், எனக்குத் தெரியும்” என்பார். ஒரு தடவை அல்ல, வருடத்துக்கு வருடம் சொன்னார். ஆண்பிள்ளைகளின் கதை என்று ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன்.

கோயிலில் அவர் வெட்டத் தொடங்கியது தற்செயல். அந்த வருடம் பூசை செய்யும் ஐயாவின் வாள் வாழையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. “ஆரிட்டையாவது நல்ல கத்தி இருக்கோ?” என்று கோயில் தலைவர் கேட்டார். நவராத்திரி நாட்களில் நேபாளத்தாரும் தேவியின் முன்னால் கத்தி வைத்துக் கும்பிடுவார்களாம். அதனால் தம்பி தன் குக்குரியை ஆயுத பூசைக்கு முதல் நாளே கோயிலில் வைத்திருந்தார். அதை எடுத்து ஒரே வீச்சு. புளோரிடாவில் இருந்து லொறியில் வந்த தடித்த வாழை, சத்தமில்லாமல் சரிந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் அவர்தான். நான் முன்வரிசையில் பட்டுச்சேலையோடு நிற்பேன். என் தம்பி என்று எவரிடமும் சொல்ல மாட்டேன். சொல்லவும் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அறுபது வயதில் அவருக்குக் கைநடுக்க நோய் வந்தது. சும்மா இருக்கும்போது வலது கை ஆடும். தேத்தண்ணீர்க் கோப்பை சோசரில் தாளம் போடும். எதையாவது இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும். டொக்டரும் அப்படித்தான் விளக்கினார். “பிடிச்சால் நிக்குது அக்கா, பார்” என்று குக்குரியின் பிடியைப் பிடித்துக் காட்டுவார். நின்றதுதான். நான் பார்த்தேன். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் எவருக்கும் கை நடுங்கியதில்லை.

பதினைந்தாவது வருடம் வெட்டு விழுந்தது, ஆனால் வாழை ஒரு பட்டையில் தொங்கிக்கொண்டு நின்றது. தலைவர் பகிடிக்கு, “அண்ணையின்ரை கத்திக்கு ஓய்வுகாலம் வந்திட்டுது போலை” என்றார். கூட்டம் சிரித்தது. தம்பியும் சிரித்தார். “கத்திக்கு இல்லை, கத்தி வைச்சிருக்கிறவனுக்கு” என்றார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு ஒரு வருடம் என் நெஞ்சுக்குள் கிடந்து எரிந்தது.

அடுத்த நவராத்திரி வந்தது. “அக்கா, இந்த வருசம்தான் கடைசி. ஒருக்கால் வடிவா வெட்டிப்போட்டு நானே விட்டிடுறன். ஆரும் வந்து விடு எண்டு சொல்லக்கூடாது” என்றார் தம்பி. மேசையில் துண்டை விரித்தார். நடுங்கும் கையால் அரை நாள் எடுத்து, சக்மக்கில் தேய்த்துக் கூராக்கினார். ஒரு தாளைப் பிடித்து வெட்டிக் காட்டினார். சத்தம் கேட்காமல் வெட்டியது. பிறகு உறையில் போட்டு என் கையில் தந்தார். அவருக்கு அன்று டொக்டரிடம் போக வேண்டும். “நீ கொண்டுபோய் அம்மனடியிலை வைச்சிட்டு வா” என்றார்.

நான் நேரே கோயிலுக்குப் போயிருக்க வேண்டும்.

வோபர்னில் பஸ் மாறும் இடத்தில், பூட்டுத் திறப்பு வெட்டும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. கத்தி தீட்டப்படும் என்று தமிழிலும் எழுதியிருந்தது. எனக்கு அந்த அரை நாள் வேலையில் நம்பிக்கை இல்லை. நடுங்கும் கை தீட்டிய கூர் எப்படிக் கூராக இருக்கும் என்று நினைத்தேன். பிழை கத்தியில்தான் இருக்க வேண்டும், தம்பியின் கையில் இருக்கக்கூடாது. அப்படித்தான் என் புத்தி போனது. உள்ளே போனேன். கடைக்காரப் பிள்ளை நல்ல மரியாதையானவர்.

“அன்ரி, இது நல்லாத்தானே கிடக்கு” என்றார்.

“நல்லாக் கிடந்தால் நான் ஏன் வாறன்? நீர் மெசினிலை பிடியும்” என்றேன்.

பிடித்தார். பொறி பறந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அன்ரி, இதிலை பூ மாதிரி ஏதோ கறுத்துக் கிடக்கு. அதையும் எடுக்கவோ, விடவோ?” என்று கேட்டார்.

அவர் கேட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்தான், “எடும். புதுசு மாதிரி மினுங்க வேணும்” என்றேன். அவர் அதையும் சில்லில் தேய்த்து எடுத்து, துணிச்சில்லில் பிடித்து மினுக்கித் தந்தார். என் முகம் அதில் தெரிந்தது. சந்தோசமாக இருந்தது. உறையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய், அம்மன் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. மறுநாள் உருவும்போது அவரே பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் கோயில் கார்த் தரிப்பிடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மனுக்குக் குடை பிடித்திருந்தார்கள். வாளியில் மண் போட்டு வாழையை நட்டிருந்தார்கள். ஐயா பூசை செய்த குக்குரியை உறையோடு எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி உருவினார். பாதியில் அவர் கை நின்றது. அலகைத் திருப்பினார். சூரியனும் பிறையும் இருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு பெருவிரலைக் கத்தி வாயின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். இருபத்தொரு வருடம் மினுக்குச் சில்லோடு நின்ற மனிதர். அவருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டார். என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏன் அக்கா என்று கேட்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டார்.

நாதஸ்வரம் உச்சத்துக்கு வந்துவிட்டது. இனி நிறுத்த முடியாது. அவர் ஓங்கினார். கத்தி பாதி வாழையில் போய் நின்றது. இழுத்து எடுத்து மறுபடி வெட்டினார். பிறகும் ஒருமுறை. மூன்றாவதில் வாழை வெட்டுப்பட்டது பாதி, முறிந்தது பாதியாக விழுந்தது. தலைவர் நல்ல மனிதர், “மூண்டு வெட்டும் மூண்டு சக்திக்கும் எண்டு எடுப்பம்” என்று ஒலிவாங்கியில் சொன்னார். கூட்டம் மூச்சுவிட்டுச் சிரித்தது.

தம்பி கத்தியை வேட்டித் தலைப்பில் துடைத்து உறையில் போட்டார். “என்ன அண்ணை, கத்தி மழுங்கிப்போச்சோ?” என்று எவரோ கேட்டார். “கத்தியிலை ஒரு பிழையும் இல்லை. கைதான் போயிட்டுது” என்றார் தம்பி. அவர் தன் வாழ்நாளில் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எனக்காகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றிவர நின்றவர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். வாய் திறந்தால் என் மரியாதை போய்விடும் என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழமையாக மேசையில் துண்டை விரித்து, சக்மக்கை எடுத்து அந்த வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூர் ஏறவில்லை. ஈயத்தில் தேய்ப்பதுபோல வாய் மடிந்துகொண்டே போனது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. “விடு தம்பி. ஒரு கத்திதானே” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “ஓம் அக்கா. கத்திதானே” என்றார். துண்டை மடித்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவேயில்லை. அவருடைய வாயில் இருந்து அந்தப் பெயர்கள் ஒன்றும் வரவில்லை. அடுத்த மானம்பூவுக்குக் கோயிலுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த இரண்டுக்கும் வரவில்லை. கோயிலில் புது வாள் வாங்கிவிட்டார்கள்.

நோய் கூடியது. குரல் தாழ்ந்து தாழ்ந்து, காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும் என்றானது. சென்ற மார்கழியில் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, கத்தியை மெசினுக்குக் குடுத்தது நான்தானடா” என்று சொன்னேன். மூன்று வருடமாக அடைகாத்த சொல். அவர் கண் திறக்கவில்லை. கேட்டதா இல்லையா என்று நேர்ஸிடம் கேட்டேன். கேட்டிருக்கலாம் என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

காரியங்கள் முடிந்து, மகள் அந்தக் குக்குரியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனாள். கடை வைத்திருக்கும் நேபாளத்து மனிதர் ஒருவரை அவளுக்குத் தெரியும். அவர் வீட்டில் பரம்பரையாகப் பட்டறை வேலையாம். கத்தியை இரண்டு கையாலும் வாங்கினார். துப்பா, பீட், தார், சோ என்று மெல்லச் சொல்லிக்கொண்டு விரலை ஓட்டினார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர்களை இன்னொருவருடைய வாயால் கேட்டேன். அழாமல் நின்றேன். அவர் ஒரு சின்ன அரத்தை எடுத்துக் கத்தி வாயின் ஓரத்தில் வைத்து இழுத்தார். நல்ல வாய் என்றால் அரம் பிடிக்காமல் வழுக்குமாம். இதில் அரம் கடித்துக்கொண்டு போனது, இரும்புத் தூள் மேசையில் விழுந்தது. முனையில் இருந்து சோவரை எல்லா இடத்திலும் அப்படித்தான்.

“அம்மா, தண்ணி வாத்த இடத்து இறுக்கம் முழுக்கப் போயிட்டுதாம். இனி உலையிலை போட்டு முதலிலை இருந்துதான் செய்யவேணுமாம்” என்று மகள் எனக்குச் சொன்னாள். அந்த மனிதர், யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உயிருள்ள ஓர் ஆளிடம், “நான்” என்று சொன்னேன்.

தம்பியின் கடைசி நாட்களில் உதவிய டொக்டர்மாருக்கும் நேர்ஸ்மாருக்கும், சோறு கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், கிரியைகளைச் செய்த ஐயாமாருக்கும், குளிரில் வந்து தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், கோயில் தலைவருக்கும் சபையாருக்கும், எங்கோ நேபாள மலைநாட்டில் பசித்தவருக்குச் சோறு போட்ட அந்தப் பட்டறை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

அன்று கார்த் தரிப்பிடத்தில் நின்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தம்பிக்குக் கை போய்விட்டது என்று இனிச் சொல்ல வேண்டாம். அவர் கொண்டுவந்த கத்தி அல்ல அது. அதை அவருடைய அக்கா கெடுத்துவிட்டாள் என்று சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

அவருடைய கையில் பிழை இல்லை என்று சத்தியம் செய்துதான் இந்தக் கட்டுரையை முடிக்க ஆசைப்பட்டேன். என்னால் முடியவில்லை. கடைசியாக ஒருமுறை வடிவாக வெட்ட வேண்டும் என்று அவர் கேட்டார். தன் கையால் தீட்டிய கத்தியோடு அன்று அவர் ஓங்கியிருந்தால் வாழை ஒரே வெட்டில் விழுந்திருக்குமா, இல்லையா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாமலே போய்விட்டது. தெரிந்துகொள்ள அவருக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.